பனிச்சரிவின் சாஸ்திரம் சகியாத்திரிக்கும் வேண்டும்

வாகட்டில் வசிக்கும் நமக்கு மழைக்காலத்தின் சங்கடங்கள் பெரும்பாலும் சாலையோடு முடிந்துவிடுகின்றன; ஆனால் இதே புனே மாவட்டத்தின் அம்பேகாவ் தாலுகாவில், 2014 ஜூலை 30 அன்று காலையில், விடாமழையில் ஊறிய சகியாத்திரி மலைச்சரிவு பெயர்ந்து மாளிண் கிராமத்தின் மீது இறங்கி, 150-க்கும் மேற்பட்ட ஜீவன்களைப் பலிகொண்டது. இமயத்தில் ஓடும் பனியும் சகியாத்திரியில் ஓடும் சேறும் நெருங்கிய உறவுடைய பிரவாகங்களாதலால், முன்னதற்காக வளர்ந்த சாஸ்திரத்தின் பயன் இம்மலைவாசிகளுக்கும் கிடைத்தாக வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

பெரும்பாலும் 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவுகளில், அடுக்கடுக்காகப் படிந்த பனிக்குள் வலுவற்ற ஓர் அடுக்கு நொறுங்கும்போது, அதன்மேல் கிடந்த பாளம் கணநேரத்தில் விடுபட்டு, துண்டு துண்டாகி, மூட்டை அவிழ்ந்த தானியம்போல் ஓடத் தொடங்குகிறது. அடர்ந்த பனி தரையோடு உராய்ந்து செல்ல, அதன்மேல் பனித்தூள் காற்றோடு கலந்து மேகமாக எழுகிறது. அதன் வேகம் சில சமயம் மணிக்கு 300 கிலோமீட்டரையும் எட்டும். ஓடும்வரை திரவத்தின் சுபாவம் கொண்டிருந்த பனி, நின்றவுடன் இறுகிவிடுவதால், புதையுண்டவரால் கையைக்கூட அசைக்க முடிவதில்லை.

இந்த உக்கிரத்தை அளந்தறிய, சுவிட்சர்லாந்தின் விஞ்ஞானிகள் வல்லே தெ லா சியோன் பள்ளத்தாக்கில் வெடிவைத்துத் தாங்களே பனியைச் சரியச் செய்து, அதன் பாதையில் நாட்டிய கோபுரத்தின் கருவிகளாலும் ராடாராலும் வேகத்தையும் அழுத்தத்தையும் பதிவு செய்கின்றனர். 1955-இல் ஃபோல்மி என்ற பொறியாளர் வகுத்த உராய்வு விதியிலிருந்து வளர்ந்த கணினி மாதிரிகள், இன்று பனிக்கு மட்டுமன்றிச் சேற்றுப் பிரவாகத்துக்கும் பயன்படுகின்றன.

நம் தேசத்திலும் 1969-இல் மணாலியில் தொடங்கிய ஆராய்ச்சியைப் பாதுகாப்புத் துறையின் சண்டிகர் நிறுவனம் தொடர்ந்து நடத்தி, இமய மாவட்டங்களுக்குப் பனிச்சரிவு எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. மண்சரிவுக்கும் அத்தகைய முன்னறிவிப்பை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை 2024-இல் நீலகிரி, டார்ஜிலிங், காலிம்போங் மாவட்டங்களுக்கு வழங்கத் தொடங்கியது. இதற்கிடையே, மாளிண் துயரத்துக்கு 9 ஆண்டுகளுக்குப் பின், 2023 ஜூலையில், அண்டை ராய்கட் மாவட்டத்தின் இர்ஷால்வாடி கிராமம் இரவோடிரவாக மண்சரிவுக்கு இரையானது.

ஆகவே, அபாயமுள்ள ஒவ்வொரு சரிவிலும் மழைமானி வைத்து, சேறு ஓடக்கூடிய பாதையைக் கணித்து, எச்சரிக்கையை மராத்தியில் அந்தியாவதற்குள் குடிசைவரை கொண்டுசேர்ப்பது சர்க்காரின் கடமை. அதை இடைவிடாமல் வற்புறுத்துவது, அம்மலைகளின் அணைநீரைக் குடித்து வாழும் நகரவாசிகளாகிய நமது கடமை.