காய்ச்சல் போயிற்று; மூட்டு நோவு போகவில்லை

இலுப்பைக்கடவைக் கரையில் வலை இழுப்பவருக்கு மணிக்கட்டும் விரல்களுமே முதல். அவை வீங்கிக் கிடந்தால் வீட்டில் அடுப்பெரிவது எங்ஙனம்? 2006 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் சிக்குன்குன்யாக் காய்ச்சல் இலங்கையிற் பரவியபோது மன்னார் மாவட்டமும் அதற்குத் தப்பவில்லை. காய்ச்சல் ஒரு வாரத்திலே தணிந்துவிடும். மூட்டு நோவோ சிலரை மாதக்கணக்கிலும், வேறு சிலரை ஆண்டுக்கணக்கிலும் வாட்டும். "காய்ச்சல்தான் விட்டுவிட்டதே, இன்னும் என்ன முனகல்?" என்று வீட்டார் கேட்பதுண்டு. அக்கேள்வி நியாயமன்று.

இந்நோய் 1952 இல் இன்றைய தான்சானியாவின் தென்பகுதியில் முதன்முதலாக இனங்காணப்பட்டது. அங்குள்ள மக்கொண்டே மக்களின் மொழியில் அதன் பெயருக்கு 'வளைந்து குனிவது' என்பது பொருள். நோய்க்கு இத்துணைப் பொருத்தமான பெயர் வாய்ப்பது அருமை! 1964 இல் சென்னை மக்களும் அதன் பொருளை உடம்பால் உணர்ந்தனர்.

வைரசுக் கிருமி புகுந்ததும் நம் உயிரணுக்கள் அதனை அறிந்து, இன்டர்பெரோன் முதலிய பொருள்களைச் சுரந்து ஏனைய அணுக்களை உசுப்புகின்றன. வெள்ளணுக்கள் மூட்டின் உட்சவ்வை நோக்கி விரைகின்றன. அவ்விடம் சிவந்து, சூடேறி, வீங்குகிறது. இதுவே அழற்சி. பகைவனைத் துரத்த மூட்டிய தீ, அவன் ஓடிய பின்பும் அணையாதிருப்பது போன்றது பின்வரும் நோவு. கிருமியின் எச்சங்கள் மூட்டிலே தங்குவதும் இதற்கொரு காரணமாகலாம் என ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர்.

சிக்குன்குன்யா எவரையும் இவ்வாறு வாட்டக்கூடும். சில குழந்தைகளிடத்திலோ அத்தீயை அடக்கும் ஏற்பாடே பிறவியிற் பழுதாயிருக்கும். இதனைத் தன்னழற்சி நோய் என்பர். மரபணுப் பிழையால் இன்டர்லியூக்கின்-1 போன்ற பொருள்கள் வேண்டாத வேளையிலும் பெருகுகின்றன. இவர்களுக்கு வைரசினால் வரும் சாதாரணத் தடிமன்கூடக் கடுங்காய்ச்சலையும் வயிற்று நோவையும் மூட்டு வீக்கத்தையும் கிளப்பிவிடலாம். பக்டீரியாவைக் கொல்லும் மருந்துகளை மாற்றி மாற்றிக் கொடுப்பதால் இவ்வழற்சி தணியாது. காய்ச்சல் வந்த நாள்களைத் தாய்மார் ஒரு கொப்பியில் குறித்து வைத்தியரிடம் காட்டினால், அதுவே பாதிச் சோதனைக்குச் சமம்.

ஓர் எச்சரிக்கை: தொடக்கத்தில் சிக்குன்குன்யாவையும் டெங்குவையும் பிரித்தறிதல் கடினம், இரண்டையும் பரப்புவது ஒரே இன நுளம்பே. டெங்கு இல்லையென்று உறுதியாகும்வரை அஸ்பிரின், இபுப்ரோபன் முதலியவற்றைத் தொடலாகாது. இரத்தப்போக்குக்கு அவை வழிசெய்யும். அளவறிந்து பரசிட்டமோல் கொடுக்கலாம். அயலார் தரும் ஸ்டீரொயிட் குளிசைகளை வாங்கி விழுங்க வேண்டாம். சில வாரங்கள் கடந்தும் காலையில் விரல்கள் மடங்க மறுத்தால், மன்னார் வைத்தியசாலைக்குச் சென்று மூட்டுகளைக் காட்டுங்கள்.