விருப்பப் பாடம்: யாருடைய விருப்பம்?

விருப்பப் பாடம் என்கிறார்கள். யாருடைய விருப்பம் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. ஜூலை பிறந்தால் போதும், வில்லியனூர், பாகூர் கொம்யூன் காலனிகளில் பேச்சு தொடங்கிவிடும். ‘அண்ணே, எந்த பேப்பரு ஈசி? எதுல மார்க்கு அள்ளிப் போடுவாங்க?’

கேட்கிற புள்ளைங்க மேல் எனக்குக் கோபமில்லை. பிளஸ் ஒன்னில் இவர்கள் குரூப்பைத் தேர்ந்தெடுக்கவில்லை, குரூப்தான் இவர்களைத் தேர்ந்தெடுத்தது. மார்க்கு நிறையவா, பர்ஸ்ட் குரூப். கொஞ்சம் கம்மியா, காமர்ஸ். அதுக்கும் கீழேயா, வொகேஷனல். அப்புறம் சென்டாக் பட்டியல். எந்தக் கல்லூரியில் எந்த சீட்டு மிச்சமோ அது. பதினெட்டு வயசு வரைக்கும் கொடுத்ததை வாங்கிக்கொண்டே வந்த ஒருத்தன் கையில் திடீரென்று ஒரு தாளைக் கொடுத்து ‘உனக்குப் புடிச்சத டிக் அடி’ என்றால் என்ன செய்வான்? பக்கத்து பெஞ்சுக்காரன் அடித்ததைப் பார்த்து அடிப்பான்.

2023-24 முதல் புதுவைப் பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் புதிய கல்விக் கொள்கைப் பாடத்திட்டம் வந்துவிட்டது. மேஜர், மைனர், பலதுறைப் பாடம், திறன் பாடம், மதிப்புக் கூட்டுப் பாடம் என்று ஓட்டல் பலகை மாதிரி நீளமாக எழுதிப் போட்டிருக்கிறது. லிஸ்டுல அஞ்சு இருக்கும், நடத்த வாத்தியார் ரெண்டுக்குத்தான் இருப்பார் என்பது நம்ம பக்கத்துக் கதை. இருக்கட்டும். மூன்று வருசப் படிப்பில் மற்றதெல்லாம் யாரோ தீர்மானித்து வைத்தது. ஓரத்தில் கிடக்கும் இந்த ரெண்டு மூணு பாடத்தில்தான் நம்ம ஆள் தன் கேள்வியைத் தானே கேட்க முடியும். அதை ஈசி பேப்பருக்குத் தாரை வார்ப்பது எனக்குச் சம்மதமில்லை.

பாகூர்க்காரனுக்கு இது இன்னும் அழுத்தமாக உறைக்க வேண்டும். இந்த ஊரில் ஒன்பதாம் நூற்றாண்டிலேயே கல்லூரி இருந்தது. 1879-இல் கிடைத்த பாகூர்ச் செப்பேடுகள், பல்லவன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில் வாகூர் வித்தியாஸ்தானத்துக்கு மூன்று ஊர்கள் தானமாக விடப்பட்டதைச் சொல்கின்றன. மூன்று ஊரின் வருமானம், ஒரு கல்லூரிக்கு. அங்கே நடந்தவை பதினான்கு வித்தைகள் என்று ஆய்வாளர்கள் விரிக்கிறார்கள்: நான்கு வேதம், ஆறு வேதாங்கம், மீமாம்சை, நியாயம், புராணம், தர்மசாத்திரம். கடைசிப் பாடத்தைக் கவனியுங்கள். நம்மை எங்கே நிறுத்துவது என்று எழுதி வைத்திருக்கும் பாடம் அது. அந்த மூன்று ஊர் வயலில் நாற்று நட்டது யார், அறுத்தது யார் என்று செப்பேட்டில் தேடினால் கிடைக்காது. உழைத்தவன் நெல்லில் உழைத்தவனைத் தள்ளிவைக்கும் நூல் பாடமாக ஓடியிருக்கிறது. ‘அந்தக் காலத்திலேயே எங்க ஊர்ல யுனிவர்சிட்டி’ என்று மேடையில் பெருமை பேசுகிறவர்களிடம் நாம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: அட்மிஷன் யாருக்குய்யா?

ஆயிரம் வருசம் கழித்தும் அதே கதவுதான். பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் அண்ணல் அம்பேத்கர் இரண்டாம் மொழியாகச் சமஸ்கிருதம் படிக்க விரும்பினார். தீண்டப்படாத பையனுக்குச் சொல்லித் தர முடியாது என்று வாத்தியார் மறுத்துவிட்டார். பாரசீகம் எடுத்தார். பின்னாளில் தன் முயற்சியில் சமஸ்கிருதம் கற்று, 1946-இல் ‘சூத்திரர்கள் யார்?’ என்று அவர்கள் நூல்களுக்குள்ளேயே புகுந்து கேள்வி கேட்டார். மறுக்கப்பட்ட விருப்பப் பாடத்தை அவர் மறக்கவில்லை.

1913-இல் கொலம்பியா போனபோது அங்கே யாரும் மறிக்கவில்லை. அவர் பொருளாதார மாணவர். ஆனால் மூன்று வருசத்தில் எடுத்த பாடங்களைப் பாருங்கள். பொருளாதாரத்தில் 29, வரலாற்றில் 11, சமூகவியலில் 6, தத்துவத்தில் 5, மானுடவியலில் 4, அரசியலில் 3, தொடக்கநிலை பிரெஞ்சும் ஜெர்மனும் ஒவ்வொன்று. பசித்தவன் பந்தியில் உட்கார்ந்த மாதிரி. அந்த மானுடவியல் பக்கத்திலிருந்துதான், 1916 மே 9 அன்று கோல்டன்வைசரின் கருத்தரங்கில் வாசித்த ‘இந்தியாவில் சாதிகள்’ கட்டுரை வருகிறது. அப்போது அவருக்கு 25 வயசு. அகமணம்தான் சாதியைக் கட்டிக் காக்கும் பூட்டு என்று அதில் அவர் சொன்னதை வைத்துத்தான் இன்றைக்கும் நாம் ஆணவக்கொலை பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். பட்டம் பொருளாதாரத்தில். நமக்குக் கிடைத்த ஆயுதம் பக்கத்துப் பாடத்திலிருந்து.

‘அவரு அம்பேத்கரு. நாங்க வேலைக்குப் போவணும்’ என்று தம்பிகள் சொல்கிறார்கள். வேலை பற்றி ஒரு பேங்க் கிளார்க்காகவே சொல்கிறேன். கிளார்க் தேர்வுக்கு ஏதாவது ஒரு பட்டம் போதும். தேர்வில் வருவது ரீசனிங், கணக்கு, இங்கிலீஷ், பொது அறிவு. நீ எந்த எலெக்டிவ் எடுத்தாய் என்று இதுவரை என்னை யாரும் கேட்டதில்லை. அதனால் வேலைக்காக ஈசி பேப்பர் என்பது வெறும் பேச்சு. நான் பி.காம். படிக்கும்போது நாட்டார் வழக்காற்றியல் ஒரு செமஸ்டர் மட்டும் இருந்தது. என் பாட்டியின் ஒப்பாரியைக் கேட்டு எழுதிக் கொடுத்தேன். 61 மார்க்கு போட்டார்கள். கம்ப்யூட்டர் பேப்பர் எடுத்தவர்களுக்கு 85, 90. ஆனால் என் முதல் கவிதை அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில்தான் இருக்கிறது. (கவிதை சுமார்தான்.)

அப்படியானால் எதை எடுப்பது? உன் தெருவில் உனக்குப் பதில் கிடைக்காத கேள்வி எதுவோ அதற்குப் பக்கத்தில் இருக்கிற பாடத்தை எடு. வரலாறு படிக்கிறவன் புள்ளியியல் எடுக்கலாம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஊர்வாரியாக எஸ்.சி. எண்ணிக்கை, எழுத்தறிவு, யார் விவசாயி யார் கூலி என்பதெல்லாம் அட்டவணையாக இருக்கிறது. அதை வாசிக்கத் தெரிந்த ஒருத்தன் காலனிக்கு ஒருத்தனாவது வேண்டாமா? காமர்ஸ் படிக்கிற பெண் கல்வெட்டியல் எடுத்து அந்தச் செப்பேட்டை நம்ம பக்கத்திலிருந்து திரும்ப வாசிக்கட்டும். மதிப்புக் கூட்டுப் பாடத்தில் ‘இந்தியாவை அறிதல்’ என்று ஒன்றை யுஜிசி வைத்திருக்கிறது. எந்த இந்தியா? பாகூர் ஏரிப் பாசனத்தில் எத்தனை குழி நம்ம பேரில் இருக்கிறது, பொணத்தை எந்த வழியாகத் தூக்கிப் போகிறோம் என்பதும் இந்தியாதானே? கையைத் தூக்கிக் கேள்.

பிரெஞ்சு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். டவுன் பள்ளிக்கூடங்களில் பிரெஞ்சு எடுப்பது பெரும்பாலும் மார்க்குக்காக. காலனிப் புள்ளைக்கு ‘அதெல்லாம் நமக்கு எதுக்கு’ என்று வீட்டிலேயே சொல்லிவிடுவார்கள். நமக்குத்தான் வேண்டும் என்கிறேன். 1954-இல் பிரெஞ்சுக்காரன் கிளம்பினான். அவன் ஆட்சியில் எழுதிய நிலப் பதிவும் நோத்தேர் பத்திரமும் கோர்ட்டுத் தீர்ப்பும் அவன் மொழியில்தான் கிடக்கின்றன. யார் நிலம் யாருக்கு எப்போது போனது என்று தெரிந்துகொள்ள இன்னும் எவனோ ஒருத்தன் மொழிபெயர்த்துச் சொல்ல நாம் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். தமிழை விடச் சொல்லவில்லை. கூட ஒரு மொழியாகப் படிக்கச் சொல்கிறேன். அம்பேத்கர் பாரசீகத்தோடு நின்றுவிடவில்லை.

இனி பரீட்சை.

நவம்பர் டிசம்பரில் ஒன்று, ஏப்ரல் மே-யில் ஒன்று. நம்ம காலண்டரில் ஏப்ரல் 14-உம் டிசம்பர் 6-உம் சரியாக அதற்குள்ளேயே வந்து உட்கார்ந்திருக்கின்றன. பேனர் கட்டுவது யார்? கல்லூரித் தம்பி. வசூலுக்குப் போவது? அவனே. மைக் செட்டுக்கு அட்வான்ஸ், போலீஸ் பர்மிஷனுக்கு அலைச்சல், ராத்திரி சுவரெழுத்து, எல்லாம் அவனே. பத்து நாள் கழித்து ஹாலில் போய் உட்கார்ந்து மூன்று பேப்பர் அரியர் வைக்கிறான். நிகழ்ச்சி முடிந்து நன்றியுரையில் அவன் பேரைச் சொல்லிக் கைதட்டுகிறோம். அரியருக்கு யாரும் பேர் வாசிப்பதில்லை. அம்பேத்கர் பேரைச் சொல்லி ஒரு புள்ளையின் செமஸ்டரைத் தின்பது என்ன இயக்கம் தோழர்களே? விழாவை நிறுத்தச் சொல்லவில்லை. அந்த ஆறு வாரம் அலைச்சல் வேலையை வேலையில் இருக்கிற நாம் எடுத்துக்கொள்ள வேண்டும். எனக்கும் சுவரெழுத்து வரும்.

வீட்டிலும் அதே நேரம்தான் நெருக்கடி. நவரை அறுப்பு பெரும்பாலும் மெஷினுக்குப் போய்விட்டது. ஆனால் சித்திரை, வைகாசி கல்யாண சீசன். பையன்கள் கேட்டரிங், பந்தல் வேலைக்குப் போகிறார்கள். ராத்திரி ரெண்டு மணிக்கு எச்சில் இலை எடுத்துவிட்டு வந்து காலையில் பரீட்சை எழுதுகிறவனுக்கு ‘நேரத்தைத் திட்டமிடு’ என்று அறிவுரை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பரீட்சைக் கட்டணத்துக்குத்தான் அவன் எச்சில் இலை எடுக்கிறான். அந்தப் பணத்தை மன்றம் கைமாற்றாகவாவது கொடுக்க முடிந்தால் அவனுக்கு நாலு ராத்திரி மிச்சம்.

உதவித்தொகை விஷயத்தில் கவுண்டருக்கு உள்ளே உட்கார்ந்திருக்கிறவன் சொல்வதைக் கேளுங்கள். ஏப்ரலில் ‘சார், ஸ்காலர்ஷிப் ஏறிடுச்சா’ என்று வருகிறவர்களில் சிலருக்குப் பணம் ஏறியே இருக்கும், வேறு கணக்கில். ஆதார் வழியாக வரும் பணம், கடைசியாக எந்த வங்கியில் ஆதாரை அரசுப் பணத்துக்கென்று இணைத்தோமோ அங்கே போய் விழும். ஸ்கூலில் திறந்தது ஒன்று, முகாமில் திறந்தது ஒன்று, போனில் திறந்தது ஒன்று என்று நம்ம புள்ளைங்களுக்கு மூன்று கணக்கு. எதில் இணைந்திருக்கிறது என்று விண்ணப்பிக்கும் முன்பே வங்கியில் கேட்டுப் பார்த்துவிட வேண்டும். குடும்ப வருமானம் 2.5 லட்சத்துக்குள் என்ற சான்றிதழையும் கடைசி வாரத்துக்குத் தள்ளக் கூடாது. ‘எதுக்கு வந்து வந்து கேக்கற’ என்று எரிந்து விழுகிற கிளார்க் இருந்தால் நின்று கேளுங்கள். அது உங்கள் பணம்.

அரியர் விழுந்தால்? இங்கே புதிய திட்டம் ஒரு வேலை செய்து வைத்திருக்கிறது. முதல் வருசத்தோடு வெளியே போனால் சர்டிபிகேட், ரெண்டு வருசத்தோடு போனால் டிப்ளமோ. மூன்று வருசத்துக்குள் திரும்பி வரலாம், ஏழு வருசத்துக்குள் முடிக்கலாம் என்கிறது விதி. வசதிதானே என்று சில தோழர்களும் சொல்கிறார்கள். அந்தக் கதவு வழியாக முதலில் வெளியே போகப் போவது யார் வீட்டுப் புள்ளை? ரெண்டு அரியரும் வீட்டில் ஒரு கடனும் இருந்தால் போதும், சேதராப்பட்டு கம்பெனி கூப்பிடும். போனவன் திரும்பி வருவான் என்று நான் நம்பவில்லை. ‘சர்டிபிகேட் வாங்கிட்டேன்ணே’ என்று சொல்கிற தம்பியை வாழ்த்தாதீர்கள். என்ன அரியர், என்றைக்கு மறுதேர்வு என்று கேளுங்கள்.

1922-இல் லண்டனில் அம்பேத்கர் கொடுத்த ‘ரூபாயின் பிரச்சினை’ ஆய்வேட்டையும் திருத்திக் கொண்டுவரச் சொன்னார்கள். திருத்திக் கொடுத்தார். 1923-இல் பட்டம் வந்தது. (அந்தப் புத்தகத்தை வைத்து ரிசர்வ் வங்கியையே அவர்தான் தொடங்கினார் என்று நம் மேடைகளில் அளப்பது வேண்டாம். ஹில்டன் யங் கமிஷன் முன்னால் போய் ரூபாய் பற்றிச் சாட்சியம் சொன்னார். அதுவே பெரிசு.) 1200-க்கு 1176 வாங்கிய குழுமூர் அனிதாவை 2017-இல் பறிகொடுத்தோம். மார்க்கு கம்மியானவர்கள் மட்டும்தான் உடைகிறார்கள் என்று நினைக்காதீர்கள். பரீட்சைக் காலத்தில் பேச்சை நிறுத்திவிட்ட புள்ளை, சாப்பிட வராத புள்ளை யார் என்று தெருவில் யாருக்காவது தெரிந்திருக்க வேண்டும். போய்ப் பக்கத்தில் உட்கார வேண்டும்.

மன்றத்தில் ராத்திரி விளக்கு எரியட்டும், சீனியர் ஒருத்தர் உட்காரட்டும் என்று எழுதும்போதே எனக்கு இடிக்கிறது. மன்றம் ஆம்பளைப் பசங்க இடம். சேலியமேட்டிலோ கூடப்பாக்கத்திலோ படிக்கிற பெண் ராத்திரி எட்டு மணிக்கு அங்கே வந்து உட்கார முடியுமா? அவளுக்குப் பரீட்சை அன்றைக்கும் தண்ணி புடிக்கணும், சோறு வடிக்கணும். தம்பி படிக்கிறான் என்று டிவியை நிறுத்துகிற வீடு, அக்கா படிக்கிறாள் என்று நிறுத்துவதில்லை. பால்வாடியையோ பள்ளிக்கூடத் தாழ்வாரத்தையோ சாயங்காலம் ஐந்திலிருந்து எட்டு வரைக்கும் கேட்டு வாங்கலாம். ரெண்டு அம்மாக்கள் கூட இருந்தால் வீட்டில் அனுப்புவார்கள். பெண்கள் படிப்பதற்கு இடம் வாங்கித் தருவதை இயக்க வேலை இல்லை என்று சொல்கிற தோழர் யாராவது இருந்தால் அடுத்த இதழில் எழுதட்டும், பதில் சொல்கிறேன்.

வருகிற டிசம்பர் 6-க்கு வில்லியனூரிலும் பாகூரிலும் மாலை போட வருகிறவர்கள், அவரவர் துறையின் பழைய கேள்வித்தாள்களையும் எடுத்து வாருங்கள். எந்த எலெக்டிவ், யார் நடத்தினார், என்ன படிக்கக் கிடைத்தது என்று ஒரு தாளில் எழுதிச் சேர்த்துக் கொடுங்கள். ஜெராக்ஸ் செலவை நான் பார்த்துக்கொள்கிறேன்.