குருவிச்சையும் சூரியகாந்தியும்

நாவுலவிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்: "வாப்பா நட்ட மாமரத்தில் குருவிச்சை பிடித்துவிட்டது. வருடா வருடம் காய் குறைகிறது. குருவிச்சை பிடிக்காத மா இனம் உண்டா? இதைத் தறித்துவிட்டு அதை நடலாமா?"

சகோதரியே, கோடரியைச் சற்றுக் கீழே வையுங்கள். ஒட்டுண்ணி அண்டாத இனம் வேண்டும் என்று சூரியகாந்திச் செய்கையாளர்கள் நூறு ஆண்டுகளாகத் தேடி வருகிறார்கள். அவர்கள் கதையைக் கேளுங்கள்.

ரஷ்யா, ருமேனியா, துருக்கி, ஸ்பெயின் நாடுகளில் சூரியகாந்தி வேரில் ஒரோபாங்கி என்ற களை ஒட்டி வளர்கிறது. அதற்குப் பச்சையம் இல்லை. உணவு முழுவதையும் பயிரிடமிருந்தே உறிஞ்சும். தூசு போன்ற அதன் விதை மண்ணில் பல ஆண்டுகள் உறங்கிக் கிடக்கும். சூரியகாந்தி வேரில் கசியும் ஒருவகைப் பொருளை உணர்ந்ததும் முளைத்து, வேரைத் துளைத்து உள்ளே புகும்.

இதை எதிர்க்கும் மரபணு சில சூரியகாந்திகளில் உண்டு. அவற்றைத் தெரிந்தெடுத்துக் கலப்புச் செய்து புதிய இனங்களை உருவாக்கினார்கள். களையும் சும்மா இருக்கவில்லை. 1980இல் ருமேனிய ஆய்வாளர்கள் களையில் ஐந்து வகைகளையும், அவற்றுக்கு எதிரான ஐந்து மரபணுக்களையும் வரிசைப்படுத்தினர். 1990களில் ஸ்பெயினில் அந்த ஐந்துக்கும் அடங்காத ஆறாவது வகை பரவியது. களை வேரைத் தொட்டாலும் அதன் சாற்றுக் குழாயோடு இணையவிடாத ஒரு மரபணுவை 2019இல் இனங்கண்டார்கள். ஆனால் களையில் ஏழாவது வகையும் வந்துவிட்டது.

ஆகவே நல்ல இனம் ஒரு துணைதான். அதை மட்டும் நம்பியிருக்க முடியாது. பயிரை மாற்றி மாற்றிச் செய்வதும், களை விதைக்குமுன் பிடுங்குவதும் அங்கும் ஓயவில்லை. சூரியகாந்தி ஒரு போகப் பயிர். அடுத்த போகத்தில் வேறு இனம் விதைக்கலாம். மாமரத்தை அப்படி மாற்ற முடியுமா?

குருவிச்சைக்குப் பச்சை இலை உண்டு. தன் உணவைத் தானே ஆக்கினாலும் நீரையும் உப்புக்களையும் மரத்திடமிருந்தே எடுக்கிறது. அதன் பழத்தைத் தின்னும் குருவி, பசையுள்ள விதையைக் கிளையில் ஒட்டிவிட்டுப் போகும். எனவே பழுக்குமுன் அகற்றுங்கள். செடியை மட்டும் ஒடித்தால் கிளைக்குள் இருக்கும் வேர் மீண்டும் தளிர்க்கும். ஒட்டிய இடத்திலிருந்து அடிமரப் பக்கமாக ஓரடி தள்ளிக் கிளையையே வெட்டுங்கள். வெட்ட முடியாத பெருங்கிளையானால், தளிர்க்கும் போதெல்லாம் கிள்ளிவிடுங்கள்.

அடுத்த வளவுக்காரரிடமும் சொல்லுங்கள். குருவிக்கு வேலி தெரியாது. வாப்பா நட்ட மரம் இன்னும் காய்க்கட்டும்.