ஒரு பந்தும் இரு நெடியோரும்

ஓர் உறைக்குள் இரண்டு வாள் இருப்பதில்லை என்பது நம் பழமொழி. அடுக்களை தொட்டு அரசவை வரை அதனை எடுத்தாளாதார் இல்லை. கூடைப்பந்தாட்ட மைதானத்திலும் அது செல்லுமா என்பதே இவ்வாரம் நாம் எடுத்துக்கொண்ட பொருள். திருகோணமலைத் துறைமுகத்தை அறிந்த வாசகர்க்கு வேறொரு காட்சியும் நினைவுக்கு வரும். பெருங்கப்பலொன்று உள்ளே வரும்பொழுது இழுவைப் படகுகள் இரண்டு அதன் முன்னும் பின்னும் நின்று துறை சேர்க்கின்றன. இரண்டும் வலியவை, ஆயினும் தம்முள் பூசலிடுவதில்லை. (படகுகளின் பெயர் மறுநாட் பத்திரிகையில் வருவதில்லை என்பதும் ஒரு காரணமாகலாம்!)

கூடையின் வளையம் தரையிலிருந்து 10 அடி உயரத்திலுள்ளது. ஆதலின் நெடியவன் அதனடியில் நிற்க விரும்புவது இயல்பே. ஆனால் வளையத்தின் முன்னுள்ள கட்டமோ 4.9 மீற்றர் அகலமே உடையது. நெடியோர் இருவர் அங்கே போய் நின்றால், அவர்களைக் காக்கும் எதிரணியினர் இருவரும் அங்கேயே கூடுவர்; பின்னர் வேறெவரும் உட்புகுதல் அரிது. பந்து கிடைத்த 24 விநாடிக்குள் எறிந்தாகவும் வேண்டும். ஒருவன் பந்தை வாங்கி, முதுகால் எதிரியை நெருக்கித் திரும்புவதற்குள் அதிற் பெரும்பகுதி கழிந்துவிடும். மற்றவன் அதுவரை நட்ட மரமாய் நிற்பான்.

வலைப்பந்தாட்டத்தில் இச்சிக்கல் இவ்வளவு முற்றுவதில்லை. யாழ்ப்பாணம் ஈன்ற தர்ஜினி சிவலிங்கத்தை அறியாத தமிழ் இல்லம் நம் நாட்டில் அரிது. 6 அடி 10 அங்குல உயரமுடைய அவர், 2009 இலும் 2018 இலும் இலங்கை ஆசிய வெற்றிக் கிண்ணத்தைப் பெற்றபோது அணியில் நின்றவர். அவர் வளையத்தின் அருகே நிற்க, தோழியர் எதிரியின் கைக்கெட்டா உயரத்திற் பந்தை அனுப்புவர். அவ்வாட்டத்தில் எழுவருள் இருவருக்கே எறியும் உரிமை. அவ்விருவருள் எவரும் பந்தை 3 விநாடிக்கு மேல் வைத்திருத்தலாகாது, தட்டிக்கொண்டு ஓடவும் இயலாது. பந்தைத் தமதாக்கிக்கொள்ள ஒருவர் விரும்பினும் சட்டம் விடாது. கூடைப்பந்தாட்டத்தில் அக்காவல் இல்லை.

அமெரிக்காவின் ஹியூஸ்டன் அணி 1983 இல் 7 அடி 4 அங்குல ரால்ஃப் சாம்ப்சனையும், மறு ஆண்டு நைஜீரியாவிற் பிறந்த ஹக்கீம் ஒலாஜுவானையும் சேர்த்துக்கொண்டது. 'இரட்டைக் கோபுரங்கள்' என்று அவர்களுக்குப் பெயர். 1986 இல் அவர்கள் லொஸ் ஏஞ்சல்ஸ் அணியை நான்குக்கு ஒன்றாக வென்று இறுதிச் சுற்றை எட்டி, அங்கே பொஸ்ரனிடம் தோற்றனர். பின்னர் சாம்ப்சனின் முழங்கால் பழுதுற்றது. 1987 டிசம்பரில் வேறணிக்கு மாற்றப்பட்டார். அக்கூட்டைக் குலைத்ததில் பொறாமையினும் முழங்காலுக்கே பங்கு அதிகம் என்பது நம் துணிபு.

நம் உள்ளத்தைக் கவர்ந்தது சான் அன்ரோனியோ அணியே. டேவிட் ரொபின்சன் 1995 இல் ஆண்டின் மிகச் சிறந்த வீரர் விருது பெற்றவர். 1997 இல் இளைஞர் டிம் டங்கன் வந்து சேர்ந்தார். மூத்தவர் பந்தைக் கேட்பதைக் குறைத்துக்கொண்டு, எதிரியைத் தடுப்பதிலும் மீள்பந்தைப் பற்றுவதிலும் கருத்தூன்றினார். 1999 இல் வெற்றி; 2003 இல் மீண்டும் வெற்றி; அதனோடு அவர் ஓய்வும் பெற்றார். மாமியார் தாமே சாவிக்கொத்தை எடுத்துக் கொடுத்த வீட்டைப் போன்றது அது.

2017 பெப்ரவரியில் நியூ ஓர்லியன்ஸ் அணியில் அந்தொனி டேவிஸுடன் டிமார்க்கஸ் கசின்ஸ் சேர்ந்தபோது எவரும் சாவியைக் கொடுக்கவில்லை. ஆயினும் அடுத்த பருவத்தில் இருவருமே ஆட்டமொன்றுக்குச் சராசரி 25 புள்ளிக்கு மேல் எடுத்தனர். இருவரும் தொலைவிலிருந்து எறிய வல்லவராதலின், ஒருவர் உள்ளே நிற்க மற்றவர் வெளியே நிற்க முடிந்தது. 2018 ஜனவரியில் கசின்ஸின் குதிகால் நாண் அறுந்தது. அவரில்லாமலே அணி முதற்சுற்றில் போர்ட்லாந்தை நான்கு ஆட்டங்களிலும் வென்றதைக் காட்டி, 'ஒரு வாளே போதும்' என்பாருளர். முழுமையாக நடந்தேறாத சோதனையிலிருந்து அத்தகைய முடிவு கூற நாம் உடன்படோம்.

இஃது அமெரிக்கச் செல்வர்களின் கவலை மட்டுமன்று. சென்ற மாதம் துறைமுகத்தில் வேலை செய்யும் தந்தையொருவர் நம்மிடம் வந்தார். அவருடைய 16 வயது மகன் பாடசாலை அணியின் நெடியவன். அவனினும் நெடியவன் ஒருவன் அணியிற் சேரவே, பயிற்றுநர் இவனை வாங்கில் இருத்திவிட்டார். "மாஸ்டர், விளையாட்டை விட்டுவிடு என்று சொல்லிவிட்டேன். அந்த நேரம் ரியூசனுக்காவது போகட்டும்" என்றார் தந்தை. பையன் தரையையே பார்த்து நின்றான். நான்கு மாதமாக அவன் வீட்டிலும் அதிகம் பேசுவதில்லையாம்.

அவனை இருத்தியது அவசர முடிவென்றே நாம் கருதுகிறோம். 16 வயதில் எவன் எவ்வளவு வளர்வான், எவன் கை பழகும் என்பதை யார் அறிவார்? இருவரையும் வளையத்தின் அடியிலேயே பழக்கினால் ஒருவன் மிகையாகத்தான் தோன்றுவான். ஒருவனைத் தனியெறிக் கோட்டருகே, பலகையிலிருந்து 15 அடியில் நிறுத்தி, அங்கிருந்து எறியவும் உள்ளே நிற்பவனுக்குப் பந்து கொடுக்கவும் பழக்குதல் வேண்டும். மறு வாரம் இடத்தை மாற்றலாம். இதற்குப் புதுச் செலவு யாதுமில்லை. மாலையில் அரைமணி நேரமும், இருவர் பெயரையும் ஒரே தாளில் எழுதும் மனமும் போதும். தந்தையிடம் ஒரு தவணை பொறுக்குமாறு கேட்டிருக்கிறோம். பயிற்றுநரையும் வரும் வெள்ளிக்கிழமை காணவிருக்கிறோம்.