ஐந்தாம் படியும் ஜமாபந்தியும்

பௌர்ணமிக்குக் கிரிவலம் போகவென்று சென்னையிலிருந்து வந்தான் என் தங்கை பேரன். கணினிக் கம்பெனியில் வேலை. வந்ததிலிருந்து லேப்டாப்பை மூடவில்லை.

"ஆடிட் வருது தாத்தா. ஆறு மாச ரிவ்யூ மினிட்ஸ் எழுதணும்."

நடக்காத கூட்டங்களுக்கா? சிரித்தான்.

நான் திட்டவில்லை. எப்படித் திட்டுவது? ஜமாபந்திக்கு முந்தின வாரம் வயலை மிதிக்காமலே அடங்கலில் சாகுபடி எழுதியதைப் பார்த்தவன் நான். அதைச் சரிபார்த்து மேலே அனுப்பியவனும்கூட.

வேலை எப்படி நகரவேண்டும் என்று முன்கூட்டியே வரைந்து வைக்கும் படத்தை 'ப்ராசஸ் மாடல்' என்கிறார்கள். அமெரிக்கப் பாதுகாப்புத் துறை, எந்தக் கம்பெனியை நம்பி மென்பொருள் வேலை கொடுப்பது என்று தெரியாமல் திணறியது. 1980-களில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் வாட்ஸ் ஹம்ஃப்ரி என்பவர் முன்னின்று ஐந்து படிகள் வகுத்தார். முதல் படி தாறுமாறு. ஐந்தாம் படி, தன் தவறுகளை அளந்து தானே திருத்திக்கொள்வது. நல்ல எண்ணம்தான். நம்மவர்கள் அதை வரவேற்பறையில் மாட்டும் சான்றிதழாக்கிவிட்டார்கள். வெளிநாட்டு ஒப்பந்தம் வருகிறதே!

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்த மொழியில் 'கிரேவ் து ஸேல்' என்று ஒன்று உண்டு. விதிகளை ஓர் எழுத்து பிசகாமல் கடைப்பிடித்தே வேலையை நிறுத்துவது. நம் சங்கங்களின் 'விதிப்படி வேலை' போராட்டம்தான். விதிப்படி செய்தால் வேலை நின்றுபோகிறது என்றால், மற்ற நாட்களில் அது எதனால் நடந்தது? பட்டா மாறுதல் மனுவை நகர்த்தியது தன்பதிவேடு இல்லை. சர்வேயர் நாளை பக்கத்து கிராமம் போகிறார் என்று தெரிந்து, இந்த மனுவையும் அவர் கையில் திணித்த கிளார்க். அவர் எந்தப் படத்திலும் இல்லை.

அதற்காகப் பதிவேடே வேண்டாம் என்பவர்களோடும் நான் சேரமாட்டேன். பதிவேடு இல்லாத ஆபீசில் ஆள்பலம் உள்ளவன் மனு மட்டுமே நகரும்.

ஆனால் படம் போடுகிறவர் மேஜைப்பக்கம் வந்து ஒரு வாரம் உட்காரட்டும். நடக்காத கூட்டத்துக்கு மினிட்ஸ் எழுதவேண்டி வந்தால் தவறு படத்தில். பையனை ராத்திரி உட்காரவைக்காமல் படத்தைத் திருத்துங்கள் ஐயா. ஐந்தாம் படி என்று நீங்கள் மாட்டியிருப்பதற்கு அர்த்தமே அதுதானே?

அவன் விடியற்காலை இரண்டு மணி வரை எழுதினான். கிரிவலம் போகவில்லை.