துணியும் துணிவும்

மனிதனுக்கு இறைவன் அருளிய கருவிகளுள் கை தனிச் சிறப்புடையது. கண்ணும் செவியும் உலகிலுள்ளவற்றைக் கருத்திற் கொண்டு சேர்ப்பன. கையோ கருத்திலுள்ளதை உலகிற் கொண்டு சேர்ப்பது. ஆயினும் நம் கல்விச்சாலைகளிலே எழுதுகோல் பிடிப்பதன்றிக் கைக்கு வேறு தொழில் வாய்ப்பது அரிது. அவ்வெழுத்தும் பெரும்பாலும் பிறர் எண்ணியதைத் திரும்ப எழுதுவதாகவே முடிகின்றது. குறிப்பேட்டில் உள்ளவாறு விடை எழுதினால் மதிப்பெண் உண்டு. தன் கருத்தைக் கூட்டினால் உண்டோ இல்லையோ என்னும் அச்சத்திலே மூன்றாண்டுகள் கழிகின்றன. இவ்வச்சம் பட்டத்தோடு ஒழியாமல் வாழ்நாள் முழுதும் உடன்வருவதே வருந்தத்தக்கது.

இந்நோய்க்கு எளியதொரு மருந்தைக் கூற விழைகின்றேன். கந்தைத் துணியால் ஒரு விலங்குப் பொம்மையைத் தன் மனத்திற்கு இசைந்தவாறு செய்து முடித்தலே அம்மருந்து. “இது சிறுமியர் பொழுதுபோக்கன்றோ? கல்லூரி மாணவர்க்கு இதனால் யாது பயன்?” என்று சிலர் நகைக்கலாம். அன்னார் ஒரு பெண்மணியின் வரலாற்றைச் சற்றே செவிமடுப்பாராக.

ஜெர்மனி தேசத்திலே கீங்கன் என்னும் சிற்றூரில் 1847ஆம் ஆண்டில் பிறந்தவர் மார்கரேத்தே ஸ்டைஃப் அம்மையார். ஒன்றரை வயதிற் கண்ட காய்ச்சலால் அவர் கால்கள் செயலற்றன, வலக்கையும் வலுவிழந்தது. எனினும் அவர் தையல் கற்றார். தையற்பொறியின் சக்கரத்தை வலக்கையாற் சுழற்ற இயலாமையின், பொறியையே திருப்பி வைத்து இடக்கையாற் சுழற்றினார். 1877இல் கம்பளி ஆடைகள் விற்கும் சிறு கடை தொடங்கினார். பின்னர், ஒரு பத்திரிகையில் வெளிவந்த யானை மாதிரியைக் கண்டு, 1880இல் கம்பளித் துணியால் சிறு யானைகள் செய்து ஆட்டுமயிர் அடைத்து, ஊசி குத்தி வைக்கும் மெத்தைகளாக உற்றாருக்கு வழங்கினார். அவற்றைப் பெற்ற இல்லங்களிலோ ஊசிகள் ஒருபுறம் கிடக்க, யானைகள் குழந்தைகள் கையில் விளையாடின!

இங்கே நாம் உற்றுநோக்க வேண்டுவது ஒன்றுண்டு. யானையின் மாதிரி அவருடையதன்று, பத்திரிகையினுடையது. அவருடையதாக இருந்தது, தாம் செய்தது மெத்தையன்று, விளையாட்டுத் தோழன் என்று கண்டுகொண்ட உள்ளுணர்வும், அதனை நம்பி அவ்வழியே சென்ற துணிவுமே. பின்னர் நாயும் பூனையும் குதிரையும் அவர் கையிற் பிறந்தன. விலங்குக்காட்சிச் சாலையிலே கரடிகளைக் கண்டு படம் வரைந்துவந்த அவர் மருமகன் ரிச்சர்டு, கைகால் அசையும் கரடி ஒன்றை 1902இல் அமைத்தார். அம்மையார் அதன் விற்பனையைக் குறித்து முதலில் ஐயுற்றார் என்பர். ஆயினும் இளைஞரின் கருத்தைத் தடுத்தாரல்லர். 1903இல் லைப்சிக் சந்தைக்குச் சென்ற அக்கரடியை அமெரிக்க வணிகர் ஒருவர் 3,000 வேண்டுமென்று கேட்டார். 1907இல் ஓராண்டிலேயே ஒன்பது லட்சத்திற்கு மேற்பட்ட கரடிகள் அத்தொழிற்சாலையினின்று வெளிவந்தன.

விற்பனைத் தொகையைக் காட்டி எவரையும் மயக்குவது என் கருத்தன்று. நாம் செய்யும் பொம்மை சந்தைக்குப் போகப்போவதில்லை. வீட்டு அலமாரியில் இருந்து தூசு படியலாம். அதனைச் செய்யும்பொழுது செய்வோன் உள்ளத்தில் நிகழ்வதே நமக்குப் பொருள். அதனைச் சிறிது விளக்குவேன்.

நாலுகால் விலங்கொன்றைச் செய்வதற்கு வேண்டுவன சில துண்டுகளே. விலாப்புறத்திற்கு இரண்டு, வயிற்றுக்கும் கால்களின் உட்புறத்திற்கும் சேர்த்து ஒன்று, மூக்கிலிருந்து பிடரிவரை செல்லும் ஆப்புப் போன்ற துண்டொன்று, செவியும் வாலும் தனி. தாளில் உருவத்தை வரைந்து, தையலுக்கெனச் சுற்றிலும் கால் அங்குலம் கூட்டித் துணியை வெட்டவேண்டும். நல்ல புறம் உள்ளே இருக்குமாறு வைத்துத் தைத்து, வளைவுகளில் தையல் அறாதபடி சிறு வெட்டுகள் இட்டு, புரட்டிப் பஞ்சு அடைக்கவேண்டும். மூக்கின் நுனியிலும் பாதங்களிலும் முதலிற் சிறு சிறு திரளாக, குச்சியால் இறுக அடைத்து வருதல் முறை. மேற்கூறிய ஆப்புத் துண்டே முகத்தை ஆள்வது. அதனை அகலமாக வெட்டினாற் கரடி முகம். ஒடுக்கி வெட்டினால் நரி முகம்.

இதுவரை வேலை மாதிரியின் வழியே செல்லும். பஞ்சு நிறையத் தொடங்கியதும் தாளில் இல்லாத ஒன்று தோன்றும். துணி நெசவின் குறுக்கே இழுபட்டு நீளும். கழுத்து ஒருபுறம் சாயும். நிமிர்ந்து நிற்கவேண்டிய நாய் எதையோ ஒட்டுக்கேட்பதுபோலத் தலையைச் சாய்த்து நோக்கும். அப்பொழுது செய்வோன் முன் இரண்டு வழிகள் நிற்கின்றன. தையலைப் பிரித்து மாதிரிக்கு ஒப்பாக்குதல் ஒன்று. அச்சாய்வே இவ்விலங்கின் இயல்பு என்று உணர்ந்து, செவியையும் வாலையும் அதற்கிசைய அமைத்தல் மற்றொன்று. இரண்டனுள் எது தக்கது என்று எந்நூலும் கூறாது. ஆசிரியரும் கூற இயலாது. செய்வோன் உள்ளமே கூறவேண்டும்.

கண் வைக்கும்பொழுதும் அவ்வாறே. கண்களைத் தைப்பதற்கு முன் தலையுள்ள குண்டூசிகள் இரண்டினைக் குத்திப் பார்த்தல் வேண்டும். மேலே குத்தினால் முதிர்ந்த முகம். கீழே இறக்கி அகற்றிக் குத்தினாற் குழவி முகம். அகன்ற நெற்றியும் தாழ்ந்தமைந்த பெரிய கண்களும் நம்மிடத்துப் பரிவை எழுப்பும் என்று கான்ராட் லோரன்ஸ் என்னும் அறிஞர் 1943இல் எடுத்துரைத்தார். ஊசியை ஒரு நெல்லளவு நகர்த்தும் கை அவ்வுண்மையை நூலின் துணையின்றியே அறிகின்றது.

“உள்ளுணர்வை நம்பினால் ஒழுங்கு கெடுமே” என்பார் உளர். அவர் அஞ்சுவது உள்ளுணர்வையன்று, சோம்பலையே. தையலறியாதான் கோணலாகத் தைத்துவிட்டு “இஃது என் கற்பனை” என்பானாயின், அது கூடம் கோணல் என்ற கதையே. துணி பொய்யை ஏற்பதில்லை. இறுக அடையாத கால் மடங்கும்; ஓரம் விடாத தையல் அவிழும்; நான்கு காலும் ஊன்றாத பொம்மை, செய்தவன் கூறும் சமாதானத்தைக் கேட்டு நின்றுவிடாது. தவறினால் இழப்பது ஒரு முழத் துணியும் ஒரு மாலைப் பொழுதுமே. இத்துணைச் சிறு செலவில் துணிவையும் அடக்கத்தையும் ஒருங்கே கற்பிக்கும் ஆசான் வேறெங்குளன்?

திருமறையிலும் இதற்குச் சான்றுண்டு. ஆசரிப்புக் கூடாரத்திற்கு மலையின்மேல் மாதிரி காட்டப்பட்டது என்று யாத்திராகமம் கூறும். மாதிரி இருந்தும், அவ்வேலைக்கு அழைக்கப்பட்ட பெசலெயேல் வெறும் அளவுகோல் பிடிப்பவனாக அழைக்கப்படவில்லை. தேவ ஆவியினால் நிரப்பப்பட்டு, வேலைகளை யோசித்துச் செய்யும் ஞானமும் அவனுக்கு அருளப்பட்டது. மாதிரியும் வேண்டும், யோசனையும் வேண்டும். முன்னதைக் கல்லூரி தாராளமாக வழங்குகின்றது. பின்னதற்கு இடம் விடுகின்றதா என்பதே என் வினா.

இக்காலத்திலே இவ்வினா முன்னினும் கூர்மையுற்றிருக்கின்றது. படமும் பாட்டும் கட்டுரையும் கணிப்பொறியை வினவிய அளவிலே வந்து நிற்கின்றன. மாதிரியைப் பின்பற்றுவதே அறிவாயின், நம்மினும் பொறி அதனை விரைந்து செய்யும். சாய்ந்த தலையைக் கண்டு, “இதுவே நன்று, இப்படியே இருக்கட்டும்” என்று துணிந்து முடிவு செய்து அதற்குப் பொறுப்பேற்பதோ நம்முடையது.

ஆதலின் ஆசிரியப் பெருமக்களை ஒன்று வேண்டுகின்றேன். பருவந்தோறும் ஒரு பிற்பகலையாவது இத்தகைய கைவேலைக்கு ஒதுக்குக. தைக்கும் முறையைக் கற்பித்தபின், முடிந்த மாதிரி எதனையும் மேசைமீது வையாதொழிக; மதிப்பெண்ணும் இடாதொழிக. மாணவ நண்பர்காள்! ஆண் பெண் என்னும் வேறுபாடு கருதாது ஊசியைக் கையிலெடுமின். உங்கள் முதற் பொம்மை நாயோ ஆடோ என்று பிறர் ஐயுறலாம், கவலற்க. அதன் கண்களை எங்கே வைப்பது என்று நீங்களே துணிந்தீர்கள். நாளை ஒரு தொழிலைத் தேர்வதிலும், பலர் மௌனமாக இருக்கும் அவையில் ஒரு கருத்தை உரைப்பதிலும் வேண்டப்படுவது அத்துணிவே. அதனை இன்று ஒரு முழத் துணியிற் பழகுமின்.