வாட்ச்மேன் அடித்த முதலாளி

எங்க பனியன் கம்பெனி வாட்ச்மேன் ஒரு நாள் முதலாளியையே திருடன் என்று நினைத்து அடித்தால் எப்படி இருக்கும்? என் கழுத்துக்குள் அதுதான் நடக்கிறதாம். காவலுக்கு இருக்கிற எதிர்ப்பு சக்தியே தைராய்டு சுரப்பியைப் போட்டு மொத்துகிறது. 1912-ல் ஹகாரு ஹாஷிமோட்டோ என்ற ஜப்பான் டாக்டர் இதை முதலில் எழுதினார். வியாதிக்கு அவர் பெயரே வைத்துவிட்டார்கள். திருப்பூர்க்காரனுக்கு ஜப்பான் என்றால் தையல் மெஷின் வரும், எனக்கு இது!

"பொம்பளைங்களுக்குத்தானுங்களே வரும்?" என்றார் செக்கிங் அக்கா. அவர்களுக்குத்தான் அதிகம். ஆனால் நமக்கும் உண்டு சார்.

ரிப்போர்ட்டில் டி.எஸ்.ஹெச். ஏறியிருந்தது. பி.காம். மூளை சந்தோஷப்பட்டது. அப்புறம்தான் தெரிந்தது, அது மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி அனுப்புகிற பாக்கி வசூல் கடிதம். தைராய்டு சரக்கு வராவிட்டால் கடிதத்தின் குரல் ஏறும்!

மாத்திரை கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் அசதி போச்சு. 'அதான் சரியாயிடுச்சே' என்று நானே நிறுத்திவிட்டேன். முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. எப்படித் தெரியும்? அந்த மருந்து உடம்பில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகுமாம்.

இரண்டு மாதம் போனது. ஷிப்மென்ட் நேரம், ஒன்றரை ஷிப்ட். தூங்கி வழிந்தபடி சம்பளப் பட்டியல் போட்டேன். கட்டிங் மாஸ்டரின் வாரச் சம்பளத்தில் ஒரு பூஜ்யம் காணோம். மனுஷன் சண்டைக்கு வரவில்லை. "தம்பி, உடம்பு சரியில்லீங்களா?" என்றார். அதற்கு நாலு திட்டு திட்டியிருக்கலாம்.

திரும்ப டாக்டர். "மாத்திரை சுரப்பியை ரிப்பேர் செய்யாது. அது செய்யாத வேலையை ஜாப் ஒர்க்காகச் செய்து தருது. நிறுத்தினா சரக்கு நிக்கும்" என்றார். திருப்பூர் டாக்டர் அல்லவா!

இப்போது தினமும் எழுந்ததும் வெறும் வயிற்றில் மாத்திரை, தண்ணீர். காபிக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும். அதுவரை அம்மா டம்ளரோடு கடிகாரத்தை முறைக்கிறார். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை இருந்தால் நாலு மணி நேரம் தள்ளி. டோஸ் மாற்றினால் ஆறிலிருந்து எட்டு வாரத்தில் ரத்தப் பரிசோதனை. சீக்கிரம் குணமாகட்டும் என்று நாமாகக் கூட்டினால் படபடப்புதான் மிச்சம்.

சனிக்கிழமை கவரை வாங்கியதும் கட்டிங் மாஸ்டர் முன்பெல்லாம் எண்ணமாட்டார். இப்போது எண்ணுகிறார். அதற்கு முன்னால் என் முகத்தைப் பார்த்து ஒரு கேள்வி:

"மாத்திரை போட்டீங்களா, தம்பி?"